வேட்பாளரின் முகம் யார் கணக்கில்?

வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் நெருங்க நெருங்க, களமருதூரிலிருந்தும் உளுந்தூர்பேட்டை வட்டத்தின் பிற கிராமங்களிலிருந்தும், கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலையிலிருந்துங்கூட நமக்கு வந்து சேரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைப் பல ரூபங்களில் எழுப்புகின்றன. தலைவர் வந்து பேசும் கூட்டத்தில் தலைவரின் படம் பனைமர உயரத்துக்கு நிற்க, ஓட்டுக் கேட்கும் வேட்பாளரின் படம் மட்டும் ஏன் காணாமற் போகிறது என்பதே அது. சின்னம் பார்த்து ஓட்டுப் போட்டு மூன்று தலைமுறை கண்ட வாசகர்களுக்குத் தேர்தலின் பாலபாடத்தை நாம் ஓத வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பட விவகாரத்தின் பின்னால் இருக்கும் கணக்கு, அதிகாரிகளின் விளக்கத்தைக் காட்டிலும் சுவாரசியமானது, சற்று விபரீதமானதுங்கூட.

1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 77-ஆம் பிரிவில், வேட்பாளர் மனுக் கொடுத்த நாள் முதல் முடிவு அறிவிக்கப்படும் நாள் வரை செய்யும் செலவுக்கு ஒரு வரம்பு விதிக்கிறது. சட்டமன்றத் தொகுதிக்கு நம் மாநிலத்தில் அது 2022 முதல் 40 லட்சம் ரூபாய். கட்சி செய்யும் செலவுக்கோ வரம்பே கிடையாது. சமவாய்ப்பு என்று தேர்தல் ஆணையம் கம்பீரமாக அழைப்பது, வேட்பாளரின் சட்டைப்பையைத் துழாவிவிட்டுக் கட்சியின் லாரியை வணங்கி வழியனுப்பும் ஏற்பாட்டைத்தான்.

இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவே எல்லைக்கல்லாக நிற்பது வேட்பாளரின் முகம். அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒன்று 40 பேரை நட்சத்திரப் பேச்சாளர்களாக அறிவிக்கலாம். அவர்களுடைய பயணச் செலவு வேட்பாளரைச் சேராது. அப்படிப்பட்ட தலைவர் பேசும் மேடையில் வேட்பாளர் ஏறினாலோ, பந்தலில் அவருடைய பெயரோ புகைப்படமோ தாங்கிய பேனர் தொங்கினாலோ, தலைவரே தம் வாயால் அவர் பெயரை உச்சரித்தாலோ, பயணம் நீங்கலான அந்தக் கூட்டத்தின் செலவு வேட்பாளரின் தலையில் ஏறும். பல தொகுதிகளின் வேட்பாளர்கள் வந்திருந்தால் அவர்களுக்குள் பங்கிடப்படும். இவற்றில் எதுவும் நேராவிட்டால், எத்தனை ஆயிரம் நாற்காலி போட்டாலும், எத்தனை கட்அவுட் நிறுத்தினாலும், அது கட்சியின் பொதுப் பிரசாரம். ஆகவே பிளெக்ஸ் கடையில், மறைந்த தலைவர்கள் வட்டத்துக்குள் மேல்வரிசையில் புன்னகைக்க, இன்றைய தலைவர் நடுவில் கையசைக்க, வேட்பாளர் ஓரத்தில் கைகூப்ப, ஒன்றிய நிர்வாகிகள் அடியில் ஸ்டாம்ப் அளவில் வரிசை கட்டும் அந்தச் சுபரிசிதமான வடிவத்தை, கைகூப்பும் மனிதரின் லேயரை மட்டும் அணைத்துவிட்டு இன்னொரு முறை அச்சடித்தால் போதும். ஒரே துணி, ஒரே மை, ஒரே கம்பம், செலவு மட்டும் வேறு கணக்குக்குப் போய்விடுகிறது. இந்தச் சாமர்த்தியத்தைக் கண்டு வியப்பதா வெறுப்பதா என்று எனக்கு இன்னும் நிச்சயமாகவில்லை.

இதைப் பிடிக்கத்தான் அரசாங்கமும் ஒரு காமிராவைத் தூக்கிக்கொண்டு வருகிறது. கூட்டத்தில் கட்சிக்காரரல்லாத ஒருவர் வீடியோ எடுக்கிறாரே, அவர் யார் என்று கேட்ட வாசகர்களுக்கு: அவர்தான் வீடியோ கண்காணிப்புக் குழு. எந்தக் கட்சி, எந்த வேட்பாளர், எந்த இடம், எந்தத் தேதி என்பதைத் தொடக்கத்திலேயே குரல்பதிவாகச் சொல்லிவிட்டு, பந்தலைச் சுற்றி வந்து, வாகனங்களின் பதிவெண்களையும், நாற்காலிகளின் எண்ணிக்கையையும், மேடையின் நீள அகலத்தையும், பேனர், கட்அவுட்களின் அளவையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்துச் சொல்லிக்கொண்டே போவது அவர்களது கடமை. அந்தப் படத்தை வேறொரு குழு உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுக்க, மாவட்டத் தேர்தல் அதிகாரி அறிவித்த விலைப்பட்டியலின்படி மூன்றாவது குழு அதற்கு விலை போட்டு, நிழல் பதிவேடு என்ற புத்தகத்தில் ஏற்றுகிறது. வேட்பாளர் காட்டும் கணக்கு இந்த நிழலோடு ஒப்பிடப்படுகிறது. பிரசாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை அவர் தம் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டவேண்டும். ஏற்பாடு நேர்த்தியானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் காமிரா இருப்பதைத்தான் எண்ணும். வேண்டுமென்றே இல்லாமற் செய்யப்பட்ட முகத்தை அது எப்படி எண்ணும்?

இந்தப் பிரிவினை நேற்றுப் பிறந்ததன்று. டில்லி சதர் தொகுதி வழக்கில், கட்சி தன் வேட்பாளருக்காகச் செய்யும் செலவும் வேட்பாளரின் செலவே என்று உச்ச நீதிமன்றம் 1974 அக்டோபரில் தீர்ப்புச் சொல்லி ஒருவரின் வெற்றியை ரத்துச் செய்தது. அந்த மாதம் முடிவதற்குள் மத்திய அரசு, கட்சியின் செலவுக்கு விலக்களித்து அவசரச் சட்டம் போட்டு, அத்தீர்ப்பின் பல்லைப் பிடுங்கிவிட்டது. 2003-இல் வந்த திருத்தம் அந்த விலக்கைச் சுருக்கித் தலைவர்களின் பயணத்தளவில் நிறுத்தியது. எஞ்சிய இடைவெளியில்தான் இன்றைய பேனர்கள் நிற்கின்றன.

படத்தின் பலத்தை ரூபாயால் அளக்கலாம் என்ற நம்பிக்கையே எனக்குச் சந்தேகத்துக்குரியது. 1967 ஜனவரியில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் கிடந்த எம்.ஜி.ஆரின் புகைப்படம் சுவரொட்டியாகி ஊரெங்கும் போயிற்று. பிரசாரத்துக்கே வர இயலாத அவர் பரங்கிமலையில் வென்றார். அந்தக் காகிதத்துக்கு எந்த விலைப்பட்டியல் விலை போடும்? இதற்கு நேர்மாறான உதாரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. தலைவரின் முகமும் வேட்பாளரின் முகமும் ஒன்றாகவே இருந்த விஜயகாந்த், 2011-இல் ரிஷிவந்தியத்தில் வென்றார். 2016-இல் பக்கத்துத் தொகுதியான உளுந்தூர்பேட்டையில் அதே முகத்தோடு நின்று டெபாசிட்டை இழந்தார்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

மனுவுக்கு முன்பே அச்சடித்த சுவரொட்டி கணக்கில் வருமா? மனுவுக்குப் பின் பயன்படுத்தினால் வரும்.

சுவரொட்டியின் அடியில் எறும்பெழுத்தில் அச்சகத்தின் பெயர் எதற்கு? அதே 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 127-ஏ பிரிவு கேட்கிறது. போடாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் பெரிய பேனர் ஒன்றின் கூலியளவுதான்.

வாக்குப்பதிவு எந்திரத்தில் வேட்பாளரின் படம் ஏன்? ஒரே பெயர்க்காரர்களால் வரும் குழப்பத்துக்காக 2015 முதல் இருக்கிறது. 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வத்தோடு இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் நின்றதை நினைத்துக்கொள்க.

அந்தப் படத்தில் கறுப்புக் கண்ணாடி, தொப்பி கூடுமா? கூடாது.

என் சுவரில் கேட்காமல் எழுதிவிட்டார்களே? தேதி அறிவிப்பிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தனியார் சுவர்களில் அனுமதியற்றவை நீக்கப்பட வேண்டும்; பொது இடத்துக்கு 48, அரசுக் கட்டடத்துக்கு 24.

செயற்கை நுண்ணறிவால் செய்த படம்? படப்பரப்பில் 10 சதவீதமாவது அடையாளக் குறிப்பு இருக்கவேண்டும் என்று 2025 அக்டோபரில் ஆணையம் சொல்லியிருக்கிறது. யார் அளந்து பார்ப்பார்கள் என்று சொல்லவில்லை.

முடிவு அறிவித்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும், தோற்றவர் உட்பட, கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியான ஆட்சியரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் மூன்றாண்டுத் தகுதியிழப்பு வரை போகலாம். தேர்தல் நடத்தை விதிகளின் 88-ஆம் விதிப்படி, ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி எவரும் அந்தக் கணக்கைப் பார்வையிடலாம். களமருதூர் வாசகர்கள், தங்கள் தெருவில் நின்ற பேனர்களைத் தேதியோடு இன்றே ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒருமுறை போய், அந்த ஒரு ரூபாயைக் கட்டி ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.