பலாலி விமான நிலையம்: உலகப் போரில் பிறந்து, உள்நாட்டுப் போரில் முடங்கி, மீண்டும் திறக்கப்பட்ட வரலாறு

யாழ்ப்பாணம்: சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையேயான வான்வழித் தொலைவு சுமார் 360 கிலோ மீட்டர். இது சென்னை - மதுரை தொலைவைவிடக் குறைவு. இருந்தும், 2019 வரை சுமார் 40 ஆண்டுகள் இவ்விரு நகரங்களுக்கும் இடையே வழக்கமான விமானச் சேவை இல்லாமல் இருந்தது. கொழும்பில் இறங்கி, அங்கிருந்து வடக்கே சுமார் 400 கிலோ மீட்டர் தரைவழியாகப் பயணிப்பதே பலருக்கும் வழியாக இருந்தது. இந்த நிலை ஏன் ஏற்பட்டது என்பதற்கான விடை, யாழ்ப்பாணம் நகருக்கு வடக்கே சுமார் 16 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள பலாலி ஓடுதளத்தின் வரலாற்றில் இருக்கிறது.

உலகப் போர் தந்த ஓடுதளம்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பு மீதும், 9-ஆம் தேதி திருகோணமலை மீதும் ஜப்பானியப் போர் விமானங்கள் தாக்குதல் நடத்தின. இந்தியப் பெருங்கடலில் இலங்கை முக்கியத் தளமாக மாறிய அந்தக் காலகட்டத்தில், தீவின் பல பகுதிகளிலும் ராணுவ ஓடுதளங்கள் உருவாகின. அவற்றுள் ஒன்று பிரிட்டனின் ராயல் விமானப் படை பலாலியில் அமைத்தது. பயணிகளை மனத்தில் கொண்டு அது கட்டப்படவில்லை. போர்த் தேவையே அதன் இடத்தைத் தீர்மானித்தது.

சென்னையை இணைத்த முதல் விமானம்

போர் முடிந்ததும் ஓடுதளம் பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. 1947 டிசம்பர் 10-ஆம் தேதி, ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பை அடுத்த ரத்மலானையில் இருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை எனக் குறிப்பிடப்பட்ட இந்த நிலையத்தில் இறங்கி, பின்னர் சென்னையை அடைந்தது. அதாவது, இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு முன்பே யாழ்ப்பாணம் சர்வதேச வான்வழியில் இடம்பெற்றுவிட்டது. இந்தத் தொடர்பு 1970-களின் பிற்பகுதியில் அறுந்தது.

மீண்டும் ராணுவத் தளம்

1980-களில் இனப்பிரச்சினை ஆயுதப் போராக வெடித்தபோது, பலாலி மீண்டும் ராணுவத்தின் பிடிக்குள் சென்றது. 1987-இல் இந்திய அமைதி காக்கும் படையினரும் இங்குதான் வந்திறங்கினர். 1990-இல் தளத்தைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு கிராமங்களின் மக்கள் வெளியேற நேர்ந்தது. வீடுகளும், கோயில்களும், செம்மண் தோட்டங்களும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கின.

ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டிருந்த ஆண்டுகளில், யாழ்ப்பாண மக்கள் கொழும்பு செல்ல இந்த ஓடுதளத்தையும் கடல் வழியையுமே நம்பியிருந்தனர். அந்தப் பயணமும் பாதுகாப்பானதாக இல்லை. 1998 செப்டம்பர் 29-ஆம் தேதி பலாலியில் இருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னார் அருகே கடலில் விழுந்ததில், அதில் இருந்த 55 பேரும் உயிரிழந்தனர்.

மீண்டும் திறந்த வாசல்

போர் 2009-இல் முடிந்தாலும், சர்வதேசச் சேவைக்கு மேலும் 10 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2019 அக்டோபர் 17-ஆம் தேதி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற புதிய பெயருடன் பலாலி திறக்கப்பட்டது. நவம்பர் 11-ஆம் தேதி அலையன்ஸ் ஏர் நிறுவனம் சென்னையில் இருந்து வழக்கமான சேவையைத் தொடங்கியது. நான்கே மாதங்களில் கரோனா பரவலால் சேவை நின்றது. 2022 டிசம்பர் 12-ஆம் தேதி மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோ நிறுவனமும் சென்னையில் இருந்து சேவையைத் தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சியும் இணைக்கப்பட்டது. சுமார் 180 கிலோ மீட்டர் தொலைவே உள்ள அந்தப் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிகிறது.

நிலம் யாருக்கு?

தமிழகத்தில் இருந்து இங்கு வருபவை ஏடிஆர் 72 வகை விமானங்கள். சுமார் 70 பேர் பயணிக்கக் கூடிய இவை, குறுகிய ஓடுதளத்திலும் இயங்க வல்லவை. பெரிய ஜெட் விமானங்கள் வழக்கமாக வந்து செல்ல வேண்டுமானால் ஓடுதளமும் பிற வசதிகளும் விரிவாக்கப்பட வேண்டும். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

போருக்குப் பின்னர், குறிப்பாக 2015 முதல், வலிகாமம் வடக்கில் நிலங்கள் கட்டம் கட்டமாக உரிமையாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டு வருகின்றன. ஆயினும் ஒரு பகுதி இன்னும் ராணுவத்தின் வசமே உள்ளது. 1990-இல் வெளியேறியவர்களில் பலர் முதுமையை எட்டிவிட்டனர். விமான நிலையம் வளர்வதை வரவேற்பவர்களும், தங்கள் பூர்வீக நிலத்துக்காகக் காத்திருப்பவர்களும் பெரும்பாலும் ஒரே ஊர் மக்கள்தான்.

ஓடுதளம் எங்கே அமைய வேண்டும் என்று 1940-களில் போர் தீர்மானித்தது. அதன் எல்லை எதுவரை என்று 1990-இல் மற்றொரு போர் தீர்மானித்தது. இரு முறையும் அந்த மண்ணின் மக்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. அடுத்த விரிவாக்கத்திலாவது அவர்களுடைய ஒப்புதலும் உரிய இழப்பீடும் உறுதி செய்யப்படுமா என்பதே, பலாலி முழுமையாக மக்களின் விமான நிலையமாக மாறிவிட்டதா என்பதைக் காட்டும்.