மழை நாளுக்குச் சுட்ட பரங்கிக்காய்

மழைக்காலம் வந்துவிட்டால் நம் தோட்டத்து அடுப்படிக்கு இரண்டு கவலை. விறகு நனைந்துவிடும், கையில் காசும் குறைந்துவிடும்.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் இறங்கி மங்குக்கு வராது. மரமெல்லாம் வழிந்து வீணாகும். "இன்னிக்கு வெட்டு இல்லே" என்றால், பங்குக்கு வெட்டுகிற குடும்பத்துக்கு அன்றைய வரும்படி போச்சு! செம்பனையிலும் சேற்றில் குலையை இழுத்து ரோட்டுக்குக் கொண்டு வருவது பெரும்பாடு. அப்படிப்பட்ட நாளில்தான் நாம் கடைக்கு ஓடி, கணக்கில் எழுதி, டின் மீனும் மீயும் வாங்கி வருகிறோம். சம்பள நாளில் கணக்கைப் பார்த்தால் வயிறு எரிகிறது!

தாய்மார்களே, வேலியோரம் ஒரு பரங்கிக்கொடி இருந்தால் இந்தக் கடனில் பாதி குறையும். சிலர் இதை மஞ்சள் பூசணி என்பார்கள், மலாய்க்காரர்களுக்கு லாபு. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த காய் இது. பரங்கியர் கொண்டு வந்ததால் நம்மவர் பரங்கிக்காய் என்றார்கள்.

மழைக்கு ஏற்றது சுட்ட பரங்கிதான். ஒரு கிலோ அளவுத் துண்டைக் கழுவி, விதையை எடுத்துவிட்டு, தோலோடு இரண்டு விரல் கனத்தில் நறுக்குங்கள். உப்பும் கொஞ்சம் மஞ்சளும் தடவி, வாழையிலையில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். எரிகிற தீயில் வைக்காதீர்கள், கருகிப்போகும். தீ அடங்கிய தணலில் வைத்துச் சாம்பலால் மூடி, நடுவில் ஒருதரம் திருப்பிவிட்டால் அரை மணி நேரத்தில் வெந்துவிடும். ஈர்க்குச்சி சுலபமாக இறங்கினால் பதம் சரி. கேஸ் அடுப்பா? தோசைக்கல்லில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, மூடி போட்டு, சின்னத் தீயில் பக்கத்துக்குப் பத்து நிமிடம்.

பிறகு சதையை வழித்து மசியுங்கள். கடுகு, காய்ந்த மிளகாய் 2, சின்ன வெங்காயம் 10, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, தேங்காய்ப்பூ சேர்த்தால் சுடுசோற்றுக்கும் கஞ்சிக்கும் வேறு குழம்பே வேண்டாம். பிள்ளைகளுக்கு மிளகாய் இல்லாமல், தேங்காய்ப்பூவும் கொஞ்சம் குலா மலாக்காவும் போட்டுப் பிசைந்து கொடுங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் குலா மலாக்கா சேர்க்காமல் அளவோடு சாப்பிட வேண்டும்.

அந்த மஞ்சள் நிறச் சத்துதான் உடம்பில் வைட்டமின் 'ஏ' ஆகிறது; கண்ணுக்கு நல்லது. எண்ணெயோ தேங்காயோ சேர்ந்தால்தான் அது உடம்பில் நன்றாக ஒட்டும். விதையையும் எறியாதீர்கள், கழுவி, காயவைத்து, வறுத்தால் பிள்ளைகளுக்குக் கொறிக்க ஆச்சு.

நல்ல விதையில் நாலைந்தை எடுத்து வையுங்கள். ஜூலையில் குப்பைமேட்டோரம் ஊன்றினால், மூன்று நான்கு மாதத்தில், ஆண்டுக் கடைசி மழைக்குக் காய் கைக்கு வரும். அடியில் பிஞ்சோடு இருப்பது பெண் பூ. தேனீ வராத மழைநாளில், காலையிலேயே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். பிஞ்சு உதிராமல் நிற்கும். நகம் இறங்காத அளவுக்குத் தோல் முற்றியதும் காம்போடு அறுத்து, சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். முழுக்காய் இரண்டு மாதம் தாராளமாகத் தாங்கும்.

தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போனவர்கள், சந்தையில் தோல் முற்றிய காயாகப் பார்த்து, பக்கத்து வீட்டோடு பங்கு போட்டு வாங்கலாம்.

மழையை நாம் நிறுத்த முடியாது. கடைக் கணக்கில் நாலு வரியைக் குறைக்க முடியும்!