நாலு மணிக்கு மணி அடிப்பவர்

கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் சாலையில் சின்னசேலத்தைத் தாண்டினால் தலைவாசல். வடக்கே கல்வராயன் மலை. பக்கத்துத் தியாகனூரில் தியானத்தில் அமர்ந்திருக்கிறார் கல் புத்தர்; ஒருவரல்ல, இருவர்!

அந்தப் புத்தர் வழி வந்த விபாசனா தியானத்துக்கு இன்று பத்து நாள் முகாம்கள் நடக்கின்றன. பர்மாவில் பிறந்த சத்ய நாராயண கோயங்கா 1969-இல் இந்தியாவில் தொடங்கி வைத்தவை இவை. சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' மையம் இருக்கிறது. கட்டணம் இல்லை, சொல்லித்தரும் ஆசிரியருக்குச் சம்பளமும் இல்லை.

அப்படியானால் வேலையை யார் பார்ப்பது? ஏற்கெனவே ஒரு முகாமை முடித்தவர்கள்தான், தொண்டர்களாக. நன்கொடை தரவும் அதே தகுதி வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. விடியற்காலை நாலு மணிக்கு மணியடித்து எழுப்புவது, காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் தொண்டர் பொறுப்பு. பயில்பவர்கள் தங்களுக்குள் பேசக்கூடாது. தலையணை வேண்டும், வெந்நீர் வரவில்லை என்றால் தொண்டரிடம் மெதுவாகச் சொல்லலாம். அவரும் தினம் மூன்று வேளை, கைவேலையை அப்படியே விட்டுவிட்டு, கூட்டுத் தியானத்தில் வந்து உட்கார வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டுத்தான்!