பழைய மடிக்கணினியும் பொருத்தமான மொடெம் அட்டையும்



மருதமுனை நெசவாளர் தறியின் அகலத்தை அறிந்த பின்னரே பாவு ஓட்டுவர். நூல் எத்துணை உயர்ந்ததாயினும், தறிக்குப் பொருந்தாவிடின் பயனில்லை. பழைய மடிக்கணினிக்கு மொடெம் அட்டை தேடுவோரும் இம்முறையையே கைக்கொள்ளல் வேண்டும்.

வளைகுடா நாட்டில் உழைக்கும் தமையன் ஒருவர், தம் பழைய மடிக்கணினியைக் கல்முனையிலுள்ள தம்பியின் படிப்புக்கென அனுப்புகின்றார் எனக் கொள்வோம். தம்பி, ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயில்பவர். இணையத் தொடர்புக்காக, பழைய பொருட்கள் விற்கும் கடையில் ஓர் அட்டையை வாங்கி வருகின்றார். வீட்டில் செருகிப் பார்த்தால், அது பாதியிலேயே நின்றுவிடுகின்றது. கடைக்காரர் திரும்ப ஏற்பதில்லை. இவ்விழப்பைத் தவிர்ப்பது எங்ஙனம்?

முதலில் கணினியின் பக்கவாட்டிலுள்ள செருகுவாயைப் பாருங்கள். பழைய பி.சி. கார்ட் 54 மில்லிமீற்றர் அகலமுடையது. 68 ஊசிகளில் பொருந்துவது. இதில் இரு தலைமுறைகள் உண்டு. முந்தியது 16 பிற் அட்டை. 1995ஆம் ஆண்டு வந்த கார்ட்பஸ் 32 பிற் அட்டை, 3.3 வோல்ற்றில் இயங்குவது. கார்ட்பஸ் அட்டையின் முனையில் சிறு புடைப்புகள் கொண்ட பொன்னிறத் தகடு காணப்படும். புதிய வாயில் பழைய அட்டை நுழையும்; பழைய வாயில் கார்ட்பஸ் நுழையாது. நுழையாததை வலிந்து தள்ளினால் ஊசிகள் வளைந்துவிடும். 2003இல் அறிமுகமான எக்ஸ்பிரஸ் கார்ட் முற்றிலும் வேறானது, பி.சி. கார்ட் வாயில் அது பொருந்தாது.

இரண்டாவது, இயக்கி மென்பொருள். சில மொடெம்கள் தம் வேலையின் பெரும்பகுதியைக் கணினியிடமே ஒப்படைப்பவை. உங்கள் இயங்குதளத்துக்குரிய இயக்கி கிடைக்காவிடின் அவை வெறும் தகடே. ஆதலின் அட்டையின் மாதிரி எண்ணைக் குறித்து, இயக்கி கிடைக்கின்றதா என உறுதி செய்த பின்னரே பணம் கொடுங்கள்.

மூன்றாவது, தொடர்பு வழி. தொலைபேசிக் கம்பிக்கான மொடெமின் உச்ச வேகம் விநாடிக்கு 56 கிலோபிற். பத்து இலட்சம் பைற் அளவுள்ள ஒரு படம் வந்துசேர, உச்ச வேகத்திலும் இரண்டரை நிமிடம் வரை செல்லும். சிம் இடும் 3ஜி அட்டையாயின், உங்கள் ஊரில் அவ்வலைவரிசை இயங்குகின்றதா எனத் தொலைபேசி நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டறிக.

கணினியில் யூ.எஸ்.பி. வாய் இருப்பின், கைத்தொலைபேசியைக் கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பயன்படுத்த இயலுமா என முதலில் முயன்று பார்க்கலாம். அட்டைச் செலவே மிஞ்சக்கூடும்.

இன்னுமொரு எச்சரிக்கை. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்பிரலில் நின்றன. அத்தகைய கணினி இணையத்தில் இணைந்தாலும், வங்கி அலுவல்களை அதில் செய்தலாகாது.

ஆகவே, கடைக்குச் செல்லுமுன் வாய், இயக்கி, வழி என்னும் மூன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இயலுமாயின் கணினியையும் உடன் கொண்டு செல்லுங்கள். கடையிலேயே செருகிப் பார்த்து வாங்கிய அட்டை, தமையனின் உழைப்பை வீணாக்காது.