சாவியை வாங்கினார்கள், லாகினை மறந்தார்கள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 48 செ.மீ.க்கும் மேல் மழை. எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரியின் அலுவலகத்துக்கு யாரும் போக முடியவில்லை. கணக்கர் வீட்டிலிருந்தே டேலி கணக்கு மென்பொருளைத் திறப்பதற்காக ரௌட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வழி திறந்தார்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு வாட்ஸ்அப்பில் போனது. தண்ணீர் வடிந்த பிறகும் அந்த வழி திறந்தே கிடந்தது. சில மாதங்களில் கணக்கர் வேலையை விட்டார். கடைச் சாவியை ஞாபகமாகக் கேட்டு வாங்கினார்கள்.

அண்மையில் அந்த அலுவலகக் கம்ப்யூட்டரின் பயனர் பட்டியலைப் பார்த்தேன். ஆறு பெயர்கள். வேலையில் இருப்பவர்கள் மூவர்தான். ஒரு பெயர் வெறும் 'டெஸ்ட்'. யார் எப்போது உருவாக்கியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

சின்னக் கடையை யார் தேடப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஆள் தேடுவதில்லை. ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான 3389 போர்ட் எங்கே திறந்திருக்கிறது என்று புரோகிராம்கள் இரவு பகலாக இணையத்தைத் துழாவுகின்றன. 2021 ஏப்ரல் இறுதியில் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய விபிஎன் (தொலைவிலிருந்து நுழைவதற்கான பாதுகாப்பு இணைப்பு) கணக்கு வழியாக. ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு அதற்கு இல்லை. எரிபொருள் குழாய் பல நாள் நின்றது. 44 லட்சம் டாலர் பிணைத்தொகை போனது.

ஒருவர் விலகும் அன்றே அவர் கணக்கை முடக்குங்கள். ரிமோட் பயனர் பட்டியலிலிருந்து மட்டும் பெயரை எடுத்தால் போதாது: அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் இருப்பவர் அந்தப் பட்டியலில் இல்லாமலே தொலைவிலிருந்து நுழையலாம். பலரும் ஏமாறுவது இங்கேதான். எனிடெஸ்க் என்ற தொலை இயக்க மென்பொருளில் ஆளில்லாமல் திறக்க வைத்த பாஸ்வேர்டு தனி. அதையும் மாற்ற வேண்டும். ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். 3389-ஐ இணையத்துக்கு நேரடியாகத் திறக்காமல் விபிஎன் வழியாக வரச் செய்யுங்கள்.

உரிமையாளர் அனுமதியின்றிக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். மோசடி நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் லாகினை மூடாமல் விட்டிருந்தால், அனுமதி இருந்தது என்று எதிர்த்தரப்பு வாதாட இடமுண்டு. அதனால் மூடிய தேதியை எழுதி வையுங்கள்.

ஊடுருவல் தெரிந்தால் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்குங்கள். பயத்தில் ஃபார்மேட் செய்தால் தடயம் அழிந்துவிடும். சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு.

விலகிப்போகும் ஊழியருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெயரில் உள்ள லாகினில் நாளை யார் நுழைந்தாலும் முதல் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும். "என் லாகினை முடக்கிவிட்டீர்களா?" என்று மெயிலில் கேளுங்கள், வரும் பதிலைச் சம்பளச் சான்றோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.