நகரச் சந்தையும் கட்டடக்கலை மாணவரும்

சந்தை என்பது பொருளைக் கொடுத்துப் பணத்தைப் பெறும் இடம் மாத்திரமன்று. அயலூர்ச் செய்தி அறிதலும், உறவினரைக் காண்டலும், கலியாணப் பேச்சுத் தொடங்குதலும், கைமாற்றுக் கேட்டலும் அங்கேயே நிகழ்கின்றன. கடகத்திற் கொண்டுவந்த கீரையை விற்று, மீன் கூறொன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் மூதாட்டிக்கு அது கடையுமாகும், மன்றமுமாகும். ஆதலின், பழைய நகரச் சந்தையொன்றைச் சமுதாயப் பொதுவிடமாகத் திருத்தியமைக்கும் பயிற்சி, கட்டடக்கலை பயிலும் மாணவருக்குப் பல நாடுகளிலும் அளிக்கப்படுகின்றது. நம் கல்லூரியிலிருந்து அத்துறையிற் புகுவோரும் இதனை எதிர்கொள்ளக்கூடும். அப்பயிற்சியின் உட்பொருளை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மாணவர் செய்யவேண்டிய முதற் கருமம் வரைதலன்று, பார்த்தலாகும். விடியுமுன் சுமைவண்டிகள் எவ்வழியால் வருகின்றன, வெயில் எந்நேரத்தில் எப்பக்கம் விழுகின்றது, மீன் கழுவிய நீர் எங்கே ஓடுகின்றது, கழிவு எங்கே குவிகின்றது என்பவற்றைப் பல நாள் நின்று குறித்தல் வேண்டும். இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. நிலையான கடையின்றி வாயிற்புறத்திலே சாக்கு விரித்திருப்போர் எத்தனை பேர் என எண்ணுதலே அது. வாடகைப் பதிவேட்டில் அவர்தம் பெயர் இராது. பதிவேட்டை மாத்திரம் நோக்கி வரையும் படத்தில் அவர்களுக்கு இடமும் இராது.

இதனைக் கருத்திற்கொண்டு, ஐரோப்பாவிலே இரு சந்தைகளுக்கு நேர்ந்ததை நோக்குவாம்.

பாரிஸ் மாநகரின் நடுவே லே ஹால் என்னும் பெருஞ்சந்தை இருந்தது. விக்டர் பல்தார் என்னும் கட்டடக்கலைஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்கு இரும்பாலும் கண்ணாடியாலும் மண்டபங்கள் அமைத்தார். அதனைக் களமாகக் கொண்டு 1873இல் வெளிவந்த தம் நாவலுக்கு எமில் சோலா ‘பாரிஸின் வயிறு’ என்றே பெயரிட்டார். பின்னாளில் வாகன நெருக்கடியும் சுகாதாரக் குறைவும் மிகுந்தமையால், 1969இல் மொத்த வியாபாரம் நகருக்கு வெளியேயுள்ள றன்ஜிஸுக்கு மாற்றப்பட்டது. காட்டிய காரணங்கள் பொய்யல்ல. வணிகர் சென்றபின் அம்மண்டபங்களிற் சிறிதுகாலம் நாடகங்களும் காட்சிகளும் நடைபெற்றன. எனினும், 1971 முதல் அவை இடிக்கப்பட்டன. அவ்விடம் சில ஆண்டுகள் பெரும் பள்ளமாகவே கிடந்தது. 1979இல் அங்கே நிலக்கீழ்க் கடைத்தொகுதியொன்று திறக்கப்பட்டது. பழைய மண்டபங்களுள் ஒன்று வேற்றூரில் மீள நிறுத்தப்பட்டு இன்றும் நிற்கின்றது. ஆனால் அங்கே சந்தை இல்லை.

பார்சிலோனா நகரின் பழைய பகுதியிலுள்ள சாந்தா கத்தரினாச் சந்தையின் வரலாறு வேறு. 1848இல் திறக்கப்பட்ட அதனைப் புதுப்பிக்கும் பணி, 1997இல் என்ரிக் மிராயெஸ், பெனடெற்றா தல்யாபூவே என்னும் தம்பதியரிடம் வந்தது. இருவரும் அச்சந்தையின் அயலிலேயே வாழ்ந்த கட்டடக்கலைஞர். பழைய வெளிச்சுவர்களை அவர்கள் காத்தனர். அலைபோல் வளையும் மரக்கூரை அமைத்து, மரக்கறிகளையும் பழங்களையும் நினைவூட்டும் வண்ணங்களில் ஏறக்குறைய 325,000 சுடுமண் ஓடுகளை அதன்மேற் பதித்தனர். நிலத்தை அகழ்ந்தபொழுது வெளிப்பட்ட பழைய துறவிமடத்தின் எச்சங்கள் மக்கள் காணுமாறு பேணப்பட்டன. முதியோருக்கான வீடுகளும் உடன் கட்டப்பட்டன. வேலை நடந்த காலத்தில் வணிகர் தற்காலிகச் சந்தையொன்றிலே தொழிலைத் தொடர்ந்தனர். மிராயெஸ் 2000இற் காலமாகவும், துணைவியார் பணியை முற்றுவித்தார். 2005இற் சந்தை மீண்டும் திறந்தது. ஆயினும், கடைகளின் தொகை முன்னையிலும் குறைந்தது என்பதையும் மறைத்தலாகாது. பாராட்டப்பெற்ற திருத்தத்துக்கும் ஒரு விலையுண்டு.

பார்சிலோனாவின் கூரையைப் படத்திற் கண்டு வியத்தல் எளிது. மாணவர் கற்கவேண்டியதோ அந்தத் தற்காலிகச் சந்தையை. அன்றாடம் விற்றே அன்றாடம் உண்பவர், சந்தை ஒரு மாதம் மூடப்பட்டாற் கடன்படுவர். ஓராண்டு மூடப்பட்டாற் தொழிலையே இழப்பர். வாடிக்கையாளரும் அதற்குள் வேறிடம் பழகிவிடுவர். எனவே, பகுதி பகுதியாகக் கட்டுவதா, அயலிலே மாற்றிடம் அமைப்பதா என்பதும், திறந்தபின் வாடகை எவ்வளவு உயரும் என்பதும் வரைபடத்தோடு சேர்த்தே தீர்மானிக்கப்படல் வேண்டும். வாங்கிலும் நிழல்மரமும் வாசிகசாலையும் சேர்ப்பது நன்றே. அவற்றுக்காக விற்போரை அப்புறப்படுத்தினால், சமுதாயப் பொதுவிடம் என்னும் பெயர் மிஞ்சும், சமுதாயம் மிஞ்சாது.

இளைய மாணவரே, நீவிர் ஒருநாள் இத்தகைய படமொன்றை வரைந்து ஆசிரியர்முன் வைக்கும்பொழுது, கடகத்தோடு வரும் மூதாட்டி எந்த வாயிலால் நுழைவார், எங்கே இருப்பார், அன்றைய வாடகையாக என்ன கொடுப்பார் என்று உம்மையே வினாவிக்கொள்வீராக. அவ்விடத்தை விரலாற் சுட்டிக்காட்ட முடியாவிடின், படத்தை மீளவும் வரைதலே தக்கது.