கார்த்: பாரசீகக் கத்தியும் அதன் நீரோட்டமும்

மடக்க இயலாத, பிடியோடு ஒன்றிய அலகுடைய கத்திகளுள் பாரசீகத்தின் 'கார்த்' தனியிடம் பெற்றதாகும். நேரான அலகு, ஒருபக்க வாய், கைக்காப்பு அற்ற எளிய அமைப்பு ஆகியன அதன் அடையாளங்கள். அலகின் உருக்கே நீண்டு பிடியின் நடுவே செல்ல, இருமருங்கும் தந்தத் தகடுகள் தறையப்பட்டிருக்கும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் முதலியவற்றில் இவற்றைக் காண்போர் பெரும்பாலும் பொன்வேலைப்பாட்டில் மயங்கி நகர்ந்துவிடுகின்றனர். ஆனால் இக்கத்தியின் உண்மையான அழகு அலகின் மேனியில் ஓடும் நீரலை போன்ற வரிகளிலேயே உள்ளது. அவ்வரிகளை அரபியர் 'ஃபிரிந்த்' என்றனர். பாரசீகர் 'ஜவ்ஹர்' என்றனர்.

இவ்வரிகளை அறிவியல் நோக்கில் ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் தத்துவஞானி அல்கிந்தி. கலீஃபா முஅதஸிமின் ஆட்சிக்காலத்தில் (833-842) வாள்களின் வகைகளைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். இரும்பின் இயல்பு, வாள்கள் உருவான ஊர்கள், அவற்றின் ஃபிரிந்த் ஆகியவற்றைக் கொண்டு வாள்களைத் தரம் பிரித்தார். தத்துவம் பேசும் நா கொல்லுலையின் நுட்பத்தையும் பேசியது என்பது அக்கால அறிவுலகின் பரப்பை நமக்கு உணர்த்துகிறது.

இவ்வலகுகளுக்குரிய மூலப்பொருள் மூசையில் உருக்கி எடுத்த கட்டி உருக்கு. இதன் பெருவாரியான வரத்து தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றது. தமிழகத்தின் மேல்சிறுவளூரில் மூசை உருக்கு செய்யப்பட்டதற்கான தடயங்கள் கிடைத்துள்ளன. தெலங்கானாவின் கோனசமுத்திரத்திற்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாரசீக வணிகர் நேரில் வந்து உருக்குக் கட்டிகளை வாங்கிச் சென்றனர்.

இக்கட்டியில் கரியின் அளவு சுமார் ஒன்றரை விழுக்காடு. மெல்லக் குளிரும்போது அதன் ஒரு பகுதி மிகக் கடினமான கார்பைடு துகள்களாகப் பிரிகிறது. கொல்லன் கட்டியை அடித்து நீட்ட நீட்ட, அத்துகள்கள் அலகின் தளத்துக்கு இணையான அடுக்குகளாக ஒழுங்குபெறுகின்றன. இதற்கு வேண்டியது மிதமான செஞ்சூடு மட்டுமே. சூடு மிகுந்தால் துகள்கள் கரைந்து வரிகள் மறைந்துவிடும். வெண்சூட்டில் அடித்தாலோ கட்டியே நொறுங்கிப்போகும். தங்கள் வழக்கமான சூட்டில் இதனை அடித்துப் பார்த்த ஐரோப்பியக் கொல்லர் தோற்றதன் காரணம் இதுவே.

அடித்து முடித்த அலகு கருமையான தோல் போர்த்திருக்கும். உலையின் வெப்பத்தில் மேற்புறத்துக் கரி எரிந்துபோயிருப்பதால் அத்தோலில் வரிகள் தெரியா. அதனைச் சாணையில் தேய்த்தெடுத்த பிறகே அலகு பேசத் தொடங்கும். கார்த்தின் முதுகு தடித்தது. அங்கிருந்து வாய்வரை இருபுறமும் சரிவாக இறங்கி, குறுக்குவெட்டில் ஆப்பு வடிவம் கொள்ளும். முழு அலகையும் தழுவும் இச்சரிவு பொருளினூடே எளிதில் இறங்கும். வாயோரத்தில் மட்டும் குறுகிய சரிவு வைத்தால் உறுதி கூடும்; இலகுவான வெட்டு குன்றும்.

சரிவை இறக்குவது பார்வைக்கு எளிது, கைக்கு அரிது. முதலில் வாயின் தடிப்பில் நடுக்கோடு கீறிக்கொள்ள வேண்டும். ஒருபுறம் சில முறை தேய்த்தால் மறுபுறமும் அதே அளவு தேய்க்க வேண்டும். கோட்டைக் கடந்தால் வாய் ஒருபக்கம் ஒதுங்கிவிடும். இன்றைய கைவினைஞர், தோய்ச்சலுக்கு முன் வாயை ஏறக்குறைய அரை மில்லிமீட்டருக்கும் குறையாமல் விட்டுவைப்பர். மெலிந்த வாய் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்க்கையில் கோணும், வெடிக்கும். தோய்ச்சலுக்குப் பின் சாணை பிடிக்கும்போது எதிரி உராய்வுச் சூடு. உருக்கு 230 பாகை செல்சியஸ் அளவில் வைக்கோல் நிறமும், 300 பாகையில் நீலமும் கொள்ளும். வாயில் நீலம் படர்ந்தால் அவ்விடம் கடினத்தை இழந்துவிட்டது. மீண்டும் தோய்க்காமல் மீட்க வழியில்லை. எனவே நொடிக்கொருமுறை நீரில் முக்குவர். சூட்டை விரல் உணர்வதற்காக வெறுங்கையால் பிடிப்பாரும் உளர்.

இவ்வுருக்கில் சாணைக்கு மற்றொரு பணியும் உண்டு. பலகையைச் சாய்வாக இழைக்கும்போது மரத்தின் வளையங்கள் அலையாக விரிவதைத் தச்சர் அறிவர். அலகின் சரிவும் அவ்வாறே அடுக்குகளை மெல்லிய கோணத்தில் அறுத்து, அலைகளாக வெளிக்கொணர்கிறது. 'கிர்க் நர்துபான்' எனும் நாற்பது படிக் கோலமோ திட்டமிட்டு வரவழைக்கப்படுவது. அலகின் குறுக்கே பள்ளங்களை அராவி, பின் அடித்துச் சமப்படுத்துவர். பள்ளமிட்ட இடங்களில் அடுக்குகள் வளைந்து ஏணிப்படிகளாகத் தெரியும். இறுதியில் மெருகிட்டு, 'ஸாக்' எனும் கந்தகம் சார்ந்த இரும்புக் கனிமத்தின் கரைசலைப் பூசுவர். சூழ்ந்த உருக்கு கருத்து, கார்பைடு அடுக்குகள் வெளுத்து நிற்கும். அதுவரை கொல்லன் தன் உழைப்பின் பயனைக் காண இயலாது.

19ஆம் நூற்றாண்டில் இக்கலை அருகியது. 1990களில் அமெரிக்கக் கொல்லர் ஆல்ஃபிரெட் பென்ட்ரேயும் உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் இத்தகைய அலகை மீண்டும் உருவாக்கினர். சிறிதளவே இருக்கும் வனேடியம் போன்ற மாசுகளே அடுக்குகளை ஒழுங்குபடுத்துகின்றன என்றும் கண்டனர். அத்தகைய தாது மாறியதால் பழைய கொல்லரின் கைப்பக்குவமும் பயனற்றுப்போயிருக்கலாம் என்பது அவர்களது கருத்து. இன்று கடைகளில் 'டமாஸ்கஸ்' எனும் பெயரில் விற்கும் கத்திகள் பெரும்பாலும் இருவகை உருக்குத் தகடுகளை அடுக்கி ஒட்டியடித்தவை. அவற்றின் வரி தகடுகளின் எல்லை; கார்த்தின் வரியோ ஒரே கட்டிக்குள் விளைந்தது.